உடைய வேண்டிய பின்

கஜா புயலில் ஆலங்குடிப் பக்கத்துப் பலாவும் தென்னையும் வேரோடு சாய்ந்து, கரண்டுக் கம்பங்கள் வரிசையாகப் படுத்து, கார்த்திகை மாதம் முழுக்க இருட்டில் கிடந்தோமே, அதற்கு அடுத்து வந்த கோடை அது. விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது என்று நிறுத்தி வைக்கிற தடைக்காலம். வருஷத்தை நம்பரில் கேட்டால் எனக்குச் சொல்ல வராது. பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவன். புயலைச் சொன்னால் புதுக்கோட்டை ஜில்லாவில் எல்லோருக்கும் கணக்கு விளங்கிவிடும்.

எனக்குத் தொழில் கீரனூரில். திருச்சி ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே தகரக் கொட்டகை. அந்தப் புயலில் பக்கத்து வேப்பமரம் அதன்மேல் விழுந்து கூரை நடுவில் குழி விழுந்துவிட்டது. இன்னும் அப்படியேதான் இருக்கிறது. நான் செய்வது மெஷினுக்கு மெஷின் சாமான். மற்ற பட்டறைகளில் லேத்து, பிரஸ், துளை போடுகிற மெஷின் என்று எது உடைந்தாலும் உடைந்த துண்டைச் சாக்கில் கட்டி என்னிடம் கொண்டு வருவார்கள். செய்த கம்பெனியே இப்போது இருக்காது. நான்தான் அளவெடுத்துப் புதிதாகச் செய்து கொடுக்க வேண்டும். டாக்டருக்குக் காய்ச்சல் வந்தால் ஊசி போடுகிற டாக்டர் நீங்கள் என்று குளத்தூர்ப் பட்டறைக்காரர் ஒருவர் என்னைக் கிண்டல் செய்வார்.

உடைந்த சாமானைப் பார்த்தாலே அந்தப் பட்டறையில் யாருக்கு யார்மேல் கோபம் என்று எனக்குத் தெரியும். கியரில் பல் போயிருந்தால் அவசரம். நட்டு முகம் மழுங்கியிருந்தால் வீம்பு. ஒரு தடவை வளைந்த கைப்பிடி ஒன்று வந்தது. அதில் முடி ஒட்டியிருந்தது. மனுஷ முடி. கொண்டு வந்தவன் தலையில் துண்டு கட்டியிருந்தான். கழுவிவிட்டு அளவெடுத்தேன்.

என் தம்பி கோட்டைப்பட்டினத்தில் ஒரு பட்டறையில் லேத்து ஓட்டுகிற டர்னராக இருந்தான். எங்கள் வீட்டில் எனக்கும் அவனுக்கும் நடுவில் பிறந்தவர்கள் யாரும் தங்கவில்லை. அதனால் அவன் என்னைவிட ரொம்பச் சின்னவன். கடற்கரையில் பெண் எடுத்து அங்கேயே இருந்துகொண்டான். வேலையில் கைக்காரன்தான். ஆனால் கை முந்தும். பஸ்ஸில் காலை மிதித்தான் என்று ஒருவனை இறக்கிவைத்து அடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸுக்கு அவனோடேயே நின்றவன்.

அந்தப் பட்டறை முதலாளி ஒரு பாய். சவூதியில் பல காலம் மெக்கானிக்காக இருந்துவிட்டு வந்து ஆரம்பித்தார். நல்ல மனுஷர், ஆனால் கோபம் வந்தால் கையில் இருப்பதை எறிந்துவிடுவார். ஸ்பானர் இருந்தால் ஸ்பானர், டீ இருந்தால் டீ. காலையில் உள்ளே போகிறவன் முதலில் அவர் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் சலாம் சொல்வான். வாயில் வருவது 'ஹயவான்'. மிருகமே என்று அர்த்தமாம். என் தம்பியை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை.

அங்கே இருந்தது நீள லேத்து. படகின் விசிறித் தண்டையே முழுசாகப் படுக்கவைத்து மரை போடலாம். அந்த லேத்து என்றைக்காவது என் தம்பியைத் தின்றுவிடும் என்று எனக்குள் ஒரு பயம் இருந்துகொண்டே இருந்தது. காரணம் இருக்கிறது. சிவப்புப் பட்டனை அமுக்கினால் மெஷின் நிற்க வேண்டும். புயல் மழையில் தண்ணீர் இறங்கி அந்தப் பட்டன் செத்துப்போனது. கதவோரம் போய் மெயின் கைப்பிடியைக் கீழே இழுத்தால்தான் நிற்கும். கியர் மூடியையும் கழற்றி மூலையில் சாத்தி வைத்திருந்தார்கள். அடிக்கடி பின் மாற்ற வேண்டியிருந்தது என்று.

பின் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். லேத்தின் முன்பக்கத்தில், நிற்கிறவனின் தொடை உயரத்தில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு மரைத்தண்டு ஓடும். கியர்கள்தான் அதைச் சுற்றும். கியரையும் தண்டையும் சேர்த்துப் பிடிப்பது ஒரு சின்னப் பின். பென்சில் பருமன்தான் இருக்கும். பித்தளையில் செய்வோம். நடுவில் எங்காவது இடித்தால், சிக்கினால், அந்தப் பின் பட்டென்று முறிந்துவிடும். தண்டு நின்றுவிடும். கியர் பிழைக்கும், மெஷின் பிழைக்கும், ஆள் பிழைப்பான். அது சாவதற்கென்றே செய்கிற சாமான்.

அந்தத் தடைக்காலத்தில் கோட்டைப்பட்டினத்துப் படகுகள் எல்லாம் ஒரே நேரத்தில் பட்டறைக்கு வந்தன. புயலில் ஒன்றோடொன்று மோதி, தண்டு வளைந்து, வலை இழுக்கிற வின்ச் உடைந்து கிடந்தவை. கடல் திறக்கிற அன்றைக்கு எல்லோருக்கும் படகு ஓட வேண்டும். வேலையை முடிக்கத் தம்பி ஆழமாக வெட்டினான். ஆழமாக வெட்டினால் பின் உடையும். உடைந்தால் முதலாளி கத்துவார். கத்தினால் தம்பி இன்னும் ஆழமாக வெட்டுவான்.

நான் ஒரு பொட்டலம் பின் செய்து எடுத்துக்கொண்டு போனேன். கீரனூரிலிருந்து புதுக்கோட்டை, அங்கிருந்து அறந்தாங்கி, அப்புறம் கடற்கரை. பஸ்ஸில் பக்கத்தில் இருந்த ஆத்தா மடியில் ஒரு சேவலை வைத்திருந்தது. அது வழி நெடுக என் கையைக் கொத்திக்கொண்டே வந்தது. இறங்கும்போது கையில் ரத்தப் பொட்டுகள். பட்டறைக்குள் நுழைந்தால் பாய் கையில் சுத்தியல். சலாம் சொல்லாமல் நின்றேன்.

"வாங்கண்ணே. ஒங்களத்தான் தேடிக்கிட்டு இருக்கேன்" என்றார். பொட்டலத்தைக் கொடுத்தேன். பிரித்து ஒன்றை எடுத்தார். பட்டறைக்கல்லில் வைத்து ஒரே போடு. நசுங்கிப் பறந்தது.

"இது பின்னா, முறுக்கா?"

"பின்னுதான் பாய்."

"ஒடையணும்னே செய்யுறீங்களா?"

"ஆமா பாய். ஒடையணும்னுதான் செய்யுறேன்."

அவர் பொட்டலத்தோடு என் முகத்தில் எறிந்தார். பின்கள் நெஞ்சில் பட்டுத் தரையெல்லாம் சிதறின. ஒன்று உதட்டில் பட்டது. பல்லில் லொட்டென்று சத்தம் கேட்டது.

"சவூதில நான் பாக்காத மெஷினா? ஒரு நாளைக்கி எத்தன வாட்டி நிப்பாட்டுறது? படகுக்காரன் வெளிய நின்னு என் தாயப் பேசுறான். ஏ ஹயவான், ஒங்கண்ணனுக்குச் சொல்லுடா. இரும்புல போட்டுத் தரச் சொல்லுடா."

இரும்பில் போட்டால் மெஷின் போய்விடும் என்று நான் சொன்னது அவர் காதில் விழவில்லை. உள்ளே போய்விட்டார். நான் குனிந்து பின்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். தம்பி வந்து என் கையை மிதிக்காத குறையாக நின்றான்.

"இரும்புல போட்டுக் குடுத்துட்டுப் போ."

"மாட்டேன்."

"தெனம் அவருட்ட ஏச்சு வாங்குறது நானா, நீயா? என் மச்சினனுங்க படகுத் தண்டு கெடக்கு. அவனுக வந்து என்னப் பொட்டப்பயலப் பாக்குற மாதிரி பாக்குறானுக."

"பாத்துட்டுப் போறாக. நீ முழுசா வீட்டுக்குப் போ. அது போதும் எனக்கு."

"நீ ஒன் யாவாரத்துக்குப் பேசுற."

இதைச் சொன்னதும் நான் எழுந்து அவனை அறைந்தேன். அவன் யோசிக்கவே இல்லை. திருப்பி அறைந்தான். நான் தூக்கி வளர்த்த கை. இரண்டு பேரும் கட்டிப் புரண்டோம். லேத்தடியில் தரை முழுக்க இரும்புச் சுருள், வெட்டி விழுந்தது. அதன்மேல் உருண்டால் சட்டை, தோல் ஒன்றும் மிஞ்சாது. அவன் முழங்கால் என் வயிற்றில். என் விரல் அவன் வாய்க்குள் போய்விட்டது. கடித்தான். நான் அவன் காதைப் பிடித்துத் திருகினேன். வயசுக்குப் பொருந்தாத காரியம்தான், அந்த நேரத்தில் வயசு எங்கே நினைவு வருகிறது.

பாய் ஓடிவந்து ஒரு வாளி கழிவெண்ணெய்த் தண்ணீரை எங்கள்மேல் ஊற்றினார்.

"அண்ணனும் தம்பியும் செத்துட்டா தண்ட யாருடா ஏத்துறது? சாவுறதுன்னா கடல் தொறந்தப்பறம் சாவுங்க."

வாசலில் நின்ற படகுக்காரர்கள் சிரித்தார்கள். நான் சட்டையைப் பிழிந்து போட்டுக்கொண்டு, பொறுக்கின பின்களை மேஜைமேல் வைத்துவிட்டு பஸ் ஏறினேன். முதுகில் குத்தியிருந்த சுருளை ஊருக்கு வந்த பிறகு வீட்டில் இடுக்கியால் எடுத்தார்கள்.

அதற்குப் பிறகு அங்கிருந்து பின் கேட்டுப் போன் வரவில்லை. நானும் பேசவில்லை. வெட்டைக் குறைத்துவிட்டான், புத்தி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். குளத்தூர்க்காரர் ஒரு பிரஸ்ஸின் கழுத்தை இரண்டாக உடைத்துக்கொண்டு வந்து நின்றார், அந்த வேலையில் கிடந்தேன்.

கொஞ்ச நாள் கழித்து பஸ் கண்டக்டர் கையில் ஒரு துணி மூட்டை வந்தது. கோட்டைப்பட்டினத்திலிருந்து. பிரித்தால் பாதி நட்டு. மரைத்தண்டைக் கவ்விப் பிடித்து, வெட்டுகிற கத்தியை இழுத்துக்கொண்டு போகிற பித்தளை நட்டு அது. உள்ளே இருக்கிற மரையெல்லாம் பிய்ந்து வந்திருந்தது. தேய்ந்து போனது இல்லை. பிய்த்தது. கடைவாய்ப் பல்லை வேரோடு பிடுங்கின மாதிரி.

அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இந்த நட்டுக்கு இவ்வளவு அடி வரவே கூடாது. இதற்கு முன்னால் பின் முறிந்திருக்க வேண்டும். பின் வாங்க வேண்டிய அடியை நட்டு வாங்கியிருக்கிறது. அப்படியென்றால் பின் முறியவில்லை.

தம்பிக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. பாய்க்கு அடித்தால், "நட்டு எங்கண்ணே, நட்டு எங்கண்ணே" என்று மட்டும் கத்தினார். பின்னைப் பற்றிக் கேட்டால், "பின்னு நல்லாத்தான் இருக்கு, ஒடையவே இல்ல, ஒங்க தம்பி கெட்டிக்காரன்" என்றார். நட்டைச் செய்து பஸ்ஸில் அனுப்பினேன். அனுப்பின பிறகு மனசு கேட்கவில்லை. நட்டு இல்லாமல் மெஷின் சும்மா கிடந்தது. இப்போது நானே அதை ஓட விட்டுவிட்டேனே என்று இருந்தது. மறுநாள் காலையில் நானும் கிளம்பினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது லேத்து ஓடிக்கொண்டிருந்தது. தம்பியின் மச்சினன்களுடைய தண்டுதான் அதில் கிடந்தது. தம்பி அந்தக் கோடியில் குனிந்து நின்றான். என்னைப் பார்த்தான், பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டான். பாய் கதவுக்கும் லேத்துக்கும் நடுவில் ஒரு எஞ்சினைக் கடப்பாரையால் நெம்பிக்கொண்டிருந்தார்.

நான் நேராகக் கியர்ப் பக்கம் போனேன். மூடி இல்லை. கியர் மெதுவாகச் சுற்றுகிறது. பின் இருக்கிற இடம் மேலே வரும்போது பார்த்தேன். மஞ்சள் தெரிய வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒன்று மின்னிவிட்டுக் கீழே போனது. திரும்ப மேலே வந்தது. திரும்ப வெள்ளை.

தலையைத் தூக்குவதற்குள் அந்தப் பக்கம் துணி கிழிகிற சத்தம்.

தம்பி கைலியை மடித்துக் கட்டியிருந்தான். படகுத் தண்டின் கடைசி ஆடுகிறதா என்று எட்டிப் பார்த்திருக்கிறான். மடிப்பு தொங்கி மரைத்தண்டில் பட்டிருக்கிறது. அந்த மரைத்தண்டில் நீளவாக்கில் ஒரு பள்ளம் வெட்டியிருக்கும். அது துணியைக் கவ்விச் சுருட்டியது. கைலிதானே, இழுத்தால் அவிழ்ந்து போகும் என்பீர்கள். அவிழ்ந்திருந்தால் அம்மணமாக நின்றிருப்பான், அவ்வளவுதான். ஆனால் அவன் இடுப்பில் அந்த அகலமான பச்சை பெல்ட். நம் ஆட்கள் கைலி நழுவாமல் இருக்க மேலே இறுக்கிப் போட்டுக்கொள்கிறார்களே, பை வைத்துத் தைத்தது, அதே பெல்ட்தான். குனிந்து வேலை செய்கிறவனுக்கு அது வசதி. கைலியை அது விடவில்லை. மெஷினும் விடவில்லை.

சட்டென்று இழுக்கவில்லை. மெதுவாகச் சுற்றியது. அதுதான் கொடுமை. மரை போடுகிற வேகம் மாட்டு வண்டி வேகம். ஒவ்வொரு சுற்றுக்கும் அவன் கொஞ்சம் கொஞ்சமாக மெஷினோடு ஒட்டினான். இரண்டு கையையும் லேத்தின்மேல் ஊன்றித் தள்ளினான். கழுத்து நரம்பெல்லாம் கயிறு மாதிரி எழுந்தது. கத்தவில்லை. மூச்சுதான் வந்தது. தொடை தண்டில் அழுந்தியது. அப்புறம் ஒரு சத்தம் கேட்டது. பச்சை மட்டையை முழங்காலில் வைத்து முறித்த மாதிரி. அப்போதுதான் கத்தினான்.

"அண்ணே."

நான் மெயினுக்கு ஓடினேன். ஓடினேன் என்றுதான் நினைத்தேன். என் கால் அந்த வயசில் எவ்வளவு ஓடும். கதவு எங்கோ இருந்தது. எதிரே வந்த பாய் என்னைத் தாண்டிக்கொண்டு போனார், கடப்பாரையோடு. தம்பியிடம் போகவில்லை. நேராகக் கியர்ப் பக்கம் போய், இரண்டு கையாலும் கடப்பாரையை ஓங்கி, சுற்றுகிற கியருக்கு நடுவில் குத்தினார்.

வார்ப்பிரும்பு வெடித்தால் வேட்டுப் போட்ட மாதிரி இருக்கும். பெரிய கியர் மூன்று நாலு துண்டாகப் போனது. நான் செய்து கொடுத்த கியர். பல்லெல்லாம் பறந்தது. ஒன்று தகரச் சுவரை ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே போனது. ஒன்று என் புருவத்தில் பட்டது. அந்தக் கண் ரத்தத்தில் மூடிக்கொண்டது. கடப்பாரை துள்ளித் திருப்பி அடித்ததில் பாயின் முன்கை முறிந்து, கை முழங்கைக்குக் கீழே வேறு திசையில் தொங்கியது. மரைத்தண்டு நின்றுவிட்டது. நான் மெயினைப் பிடித்துத் தொங்கினேன். மோட்டார் முனகிக்கொண்டே ஓய்ந்தது.

வலை பின்னுகிற ஒருவர் கத்தியோடு உள்ளே ஓடிவந்தார். முதலில் பெல்ட்டை அறுத்தோம். அது சுலபத்தில் அறுபடவில்லை. அப்புறம் கைலியைச் சுற்றுச் சுற்றாக அறுத்தோம். உள்ளே போகப் போகத் துணி எது, தோல் எது என்று தெரியவில்லை. அந்த மனுஷர் கை நடுங்காமல் அறுத்தார். மீன் அறுத்த கை. தம்பியைப் பலகையில் படுக்க வைத்தபோது அவன் இடது பாதம் திரும்பிப் பின்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆம்புலன்ஸ் வந்து தம்பியையும் அவன் மனைவியையும் ஏற்றிக்கொண்டு புதுக்கோட்டைக்குப் போனது. எனக்கு அதில் இடமில்லை. பாயைக் கொண்டுபோக அவர் வீட்டு ஆட்கள் கார் எடுத்து வரப் போயிருந்தார்கள். அவர் முறிந்த கையைத் துண்டில் கட்டி மடியில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். நான் புருவத்தில் அழுக்குத் துணியை அமுக்கிக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தேன்.

"கால் இருக்குமாண்ணே?" என்றார்.

"தெரியல பாய்."

"உசுரு?"

நான் துணியை மடித்து மறுபடி புருவத்தில் அமுக்கினேன்.

அப்போதுதான் தம்பியின் மச்சினன்கள் வந்தார்கள். இரண்டு பேர். படகுக்காரர்கள். பெரியவன் கையில் ஐஸ் உடைக்கிற மரக்கட்டை. வந்த வேகத்தில் பாயின் தோளில் ஒரு அடி. அவர் சாய்ந்தார். சின்னவன் மிதிக்க ஆரம்பித்தான். முறிந்த கை என்றும் பார்க்கவில்லை.

"மூடியக் கழட்டிப்புட்டு ஓட்டச் சொன்னது ஆரு? சுவிச்ச மாத்தாம ஓட்டச் சொன்னது ஆரு? எங்க அக்கா தாலிய அறுக்கப் பாத்தியா?"

"நாந்தான் சொன்னேன்" என்றார் பாய், தரையில் கிடந்தபடி. "அடிங்கடா. நாந்தான்."

நான் குறுக்கே போனேன். பெரியவன் என்னை நெஞ்சில் பிடித்துத் தள்ளினான்.

"நீதானய்யா பின்னு செய்யுறவரு? கூடப் பொறந்தவன் நிக்கிற மெஷினுக்கு என்னத்தய்யா செஞ்சு குடுத்த?" கட்டை என் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இறங்கியது. கை மரத்துப்போனது. இன்றைக்கும் மழைக்காலத்தில் அந்தப் பக்கம் தூக்க வராது.

"அந்தப் பின்னு என்னது இல்ல" என்றேன். "தட்டி எடுத்துக் காட்டுறேன். பாத்துட்டு அடிங்க. நான் எங்கிட்டும் ஓடல."

ஒரு கையால் சுத்தியலையும் துளைக்கம்பியையும் எடுக்க முடியவில்லை. கம்பியை நான் பிடித்தேன். "அடி" என்றேன் பெரியவனிடம். அவன் முறைத்துவிட்டு, சுத்தியலை எடுத்துக் கம்பியின் தலையில் அடித்தான். நாலைந்து அடியில் பின் அந்தப் பக்கம் வந்து விழுந்தது. பித்தளை இல்லை. பளபளவென்று, ஒரு முனையில் நீலம் பாய்ந்த உருக்கு. கோடுகூட விழவில்லை. தம்பியின் தொடை எலும்பு முறிந்தது, அந்தப் பின்னில் ஒரு கீறல் இல்லை.

"எஞ்சின் வால்வு" என்றேன். "வால்வு தண்ட அறுத்துச் சொருகியிருக்கான். நான் செஞ்சது பித்தள. அந்தா மேசமேல கெடக்கு, எண்ணிப் பாரு."

பெரியவன் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். அவன் முகம் வெளுத்துப்போனது. சின்னவன் இன்னும் பாயை மிதித்துக்கொண்டிருந்தான். பெரியவன் திரும்பி, அதே கட்டையால் சின்னவனின் முதுகில் ஒன்று போட்டான். அவன் குப்புற விழுந்தான்.

"விடுடா அவர. அந்த வால்வ நாந்தான் குடுத்தேன்."

புயலில் மூழ்கின அவர்கள் படகின் எஞ்சினைப் பிரித்தபோது எடுத்துப் போட்ட வால்வாம். தண்டு எப்போது முடியும், எப்போது முடியும் என்று பெரியவன் வந்து நின்றிருக்கிறான். பின் உடைவதால்தான் தாமதம் என்று தம்பி சொல்லியிருக்கிறான். இது ஜென்மத்துக்கும் உடையாது மச்சான், இதைப் போடு என்று கொண்டுவந்து கொடுத்திருக்கிறான். தம்பி வாங்கிப் போட்டுவிட்டான். முதலாளிக்கும் சொல்லவில்லை, எனக்கும் சொல்லவில்லை.

பெரியவன் சுவரில் தலையை மோதினான். தகரம் ஒவ்வொரு மோதலுக்கும் அதிர்ந்தது. நான்தான் ஒரு கையால் பிடித்து இழுத்தேன். கார் வந்தது. பாயை அவனே தூக்கி ஏற்றினான். நாங்கள் நாலு பேரும் அதே காரில்தான் புதுக்கோட்டைக்குப் போனோம். வழி நெடுகச் சின்னவன் முதுகு வலிக்குது, முதுகு வலிக்குது என்று முனகிக்கொண்டே வந்தான்.

ஆஸ்பத்திரியில் காலை எடுக்க வேண்டியிருக்கும் என்றுதான் முதலில் சொன்னார்கள். தம்பி மனைவி தரையில் உட்கார்ந்து யாரையும் பார்க்காமல் இருந்தாள். பெரிய மச்சினன் வார்டுக்குள் வராமல் வாசலிலேயே நின்றான். கத்தி வைத்தார்கள், திரும்ப வைத்தார்கள், இடுப்பிலிருந்து தோல் எடுத்துத் தொடையில் ஒட்டினார்கள், எலும்புக்குள் கம்பி விட்டார்கள். கடைசியில் காலை எடுக்கவில்லை. மடங்காமல் கட்டையாகத்தான் போனது. ஆனாலும் அவனுடைய கால்.

தம்பிக்குப் பேச்சு வந்தபோது முதலில் கேட்டது மெஷினைத்தான்.

"மெசினு என்னாச்சுண்ணே?"

"செத்துருச்சு."

"கியரா?"

"தூளு. பாய் கடப்பாரைய விட்டுட்டாரு."

"எத்தன வருசமா எறியுறாரு. அன்னைக்கித்தான் குறி பாத்து எறிஞ்சிருக்காரு." சிரிக்கப் போய் வலியில் பல்லைக் கடித்தான். கண்ணோரம் தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. துடைக்க அவனால் முடியவில்லை, நான் துடைத்தேன். நான் திருகின அதே காது.

அடுத்த தடைக்காலம் வருவதற்குள் அந்த லேத்துக்குக் கியர் எல்லாவற்றையும் புதிதாகச் செய்தேன். மச்சினன்கள் அதை இரும்புக்கடையில் போடச் சொன்னார்கள். பாய் முடியாது என்றார். தம்பியும் முடியாது என்றான். அதை ஓட்டாவிட்டால் வேறு எதை ஓட்டுவது என்று கேட்டான். பெரிய மச்சினன் தன் செலவில் சிவப்புப் பட்டனை மாற்றிக் கொடுத்தான், தம்பி நிற்கிற இடத்துக்கே கை எட்டுகிற மாதிரி.

மாட்டுகிற அன்றைக்குத் தம்பி ஊன்றுகோலோடு வந்தான். பேண்ட் போட்டிருந்தான். கிண்டல் செய்ய யாருக்கும் தைரியம் இல்லை. என் பொட்டலத்தைப் பிரித்து ஒரு பின்னை எடுத்து, இறுக்கிப் பிடிக்கிற வைஸில் பாதியைக் கடிக்கக் கொடுத்து, மீதியைச் சுத்தியலால் அடித்தான். ஒரே அடியில் முறிந்தது. முறிந்த முகத்தைப் பார்த்தான். அடுத்ததை எடுத்து மாட்டினான்.

மூன்றாம் படகுத் தண்டில் அது உடைந்தது. பட்டென்று சத்தம். மெஷின் நின்றது. நாங்கள் மூன்று பேரும் அசையாமல் நின்றோம். பாயின் கோணல் கையில் ஸ்பானர் இருந்தது. தம்பி தன் இரண்டு காலையும் குனிந்து பார்த்தான். பிறகு அவரிடம் கையை நீட்டினான்.

"பாத்துக்கிட்டே நிக்காதீங்க மொதலாளி. இன்னொண்ணு எடுங்க."

அவர் எடுத்துக் கொடுத்தார்.

இப்போதும் அவன் அங்கேதான் இருக்கிறான். வலது காலில் பாரம் போட்டு நிற்பான். இதைக் கேட்டுக்கொண்டிருக்கிற உங்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். பஸ்ஸில் போகிறபோது, ஊரில் நடக்கிறபோது, லேத்து ஓடுகிற சத்தம் எங்காவது கேட்கும். உள்ளே கைலியும் பச்சை பெல்ட்டுமாக ஒருவன் நிற்பான். அவனிடம் போய், பின் பித்தளைதானா என்று கேளுங்கள். உடைகிறதே என்று அலுத்துக்கொண்டால் நல்லது என்று சொல்லுங்கள். பெல்ட்டை அவிழ்த்து வைத்துவிட்டு நிற்கச் சொல்லுங்கள். கோபித்துக்கொண்டு எதையாவது எறிவான், ஒதுங்கிக்கொண்டு சொல்லுங்கள். எனக்கு இப்போது பஸ் ஏறி அவ்வளவு இடத்துக்குப் போக முடியவில்லை.